ஜன்னலோரத்து ஈரம்

ஜூலை 3

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி சொல்லச் சொல்ல மளிகைக் கடைக்காரர் எழுதுறார். நான் சொல்றதுல பாதியை முழுங்கிடுவார், மீதியை நீயே நிரப்பிக்கோ. இங்க யாருக்கும் படுத்துக்கிற அளவுக்கு ஒண்ணும் இல்ல. உங்க அண்ணனுக்கு முழங்கால் பிடிச்சுக்குது. எனக்கு வாய் மட்டும் நல்லா இருக்கு. உனக்கு அந்தச் சளி விட்டுச்சா?

விஷயம் என்னன்னா, நம்ம ஊருக்குப் பள்ளிக்கூடம் வந்துருச்சு. பிளான் பிளான்னு ஆபீஸ்ல உசிரை விடுறியே, அது இதுதானா? ஒரே ரூம்தான், முன்னால தாழ்வாரம். வாசல் ரோட்டைப் பாத்து இருக்கு. ஆத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது. ஒரே ஒரு ஜன்னல் மட்டும் ஆத்துப் பக்கம். திறப்பு விழாவுக்கு ஜீப்புல வந்து ரிப்பன் வெட்டினாங்க. வெட்டி விழுந்த ரிப்பனைக் கடைக்காரரோட ஆடு தின்னுடுச்சு. பேசிட்டிருந்த ஆபீசர் பேச்சை நிறுத்திட்டு ஆட்டையே பாத்தார். (ஆடு என்னுது இல்ல, என் தம்பியோடது. இப்படிக்கு எழுதுறவன்.) பாத்தியா, இதை மட்டும் கேக்காமலே எழுதிட்டார்.

டீச்சர் சின்னப் பொண்ணு. ஒரு தகரப் பெட்டியோட வந்து கடைக்குப் பின்னால ரூம்ல தங்கியிருக்கு. கூட்டிப் பெருக்கிற வேலை எனக்கு. சாவியும் என் இடுப்புலதான். புதுத் தரை, கண்ணாடி மாதிரி. ஆனா அந்த ஜன்னலோரம் மட்டும் காயவே மாட்டேங்குது. துணி போட்டுத் துடைச்சாலும் கொஞ்ச நேரத்துல திரும்ப ஊறிடுது. பிள்ளைங்க அந்த இடத்தை விட்டுட்டுத்தான் பாய் விரிக்குதுங்க.

காலையில பேர் கூப்பிடும்போது நான் விளக்குமாத்தோட வெளியில நிப்பேன். நம்ம பொண்ணு கிலுக்கு இருக்காளே, அவ பேரு நாலாவதா வருது. முழுப் பேரா கூப்பிடுது டீச்சர். நாம யாரு அவளை முழுப் பேரு சொல்லிக் கூப்பிட்டோம்? முதல் நாள் வேற யாரையோன்னு நினைச்சேன். இப்ப பழகிடுச்சு.

கல்யாணத்துக்கு மட்டும் ஒரு பிளானும் போட மாட்டேங்குற. அதையும் யோசி.

உன் அண்ணி


ஆகஸ்ட் 20

அண்ணிக்கு வணக்கம்.

சளி எப்போதோ போய்விட்டது. இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் வேலை என்று சொல்லிக்கொள்கிறேன். அண்ணனுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். கடைக்காரருக்கும் அவர் தம்பியின் ஆட்டுக்கும் என் விசாரிப்பு.

எங்கள் ஆபீஸ் சுவரில் ஒரு பெரிய வரைபடம் இருக்கிறது. பள்ளிக்கூடம் இல்லாத ஊருக்குச் சிவப்புக் குண்டூசி, திறந்த ஊருக்குப் பச்சை. நம் ஊர்ப் பச்சையை நான்தான் குத்தினேன். ஆற்றின் நீலக்கோடு அதன் தலையை உரசிக்கொண்டு போகிறது.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. கிலுக்கு பெயரை டீச்சர் ஏன் கூப்பிட வேண்டும்? படகு கவிழ்ந்து மூன்று வருஷம் ஆகிறது, அண்ணி. அன்று அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய ஏழு பிள்ளைகளில் ஒருவரும் திரும்பவில்லை. துடுப்புப் போட்ட அண்ணன் மட்டும் கரையேறினார். இதை உங்களுக்கே எழுதுகிறேனே என்று எனக்கே கை கூசுகிறது.

கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. இருபது பிள்ளைகள் இருந்தால்தான் புதுப் பள்ளிக்கூடம் என்பது இந்தத் திட்டத்தின் விதி. எனக்குத் தெரிந்து நம் ஊரில் இப்போது படிக்கிற வயதில் பதின்மூன்று பேர்தான். இருபது எப்படி வந்தது?

அண்ணனிடம் இதைப் படித்துக் காட்ட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் கொழுந்தன்


செப்டம்பர் 5

அன்புள்ள தம்பிக்கு,

நாங்க இருக்கோம், நீ எப்படி இருக்க? ஒத்தடம் கொடுத்தேன். சூடு ஜாஸ்தின்னு கத்தினார். கத்துற அளவுக்குத் தெம்பு இருக்கு, கவலைப்படாதே.

நீ கேட்டதுக்கு நான் சுத்தி வளைச்சுத்தான் சொல்லணும். போன வருஷம் ஒரு ஆளு கணக்கெடுக்க வந்தான். நல்ல வெயில். கையில குடை, ஆனா விரிக்கல. ஏம்பா விரிக்கலைன்னு கேட்டேன். ஓட்டைங்கன்னான். வெயிலுக்கு ஓட்டை என்ன பண்ணும்னேன். சிரிச்சுட்டு விரிச்சான். பாத்தா துணியே இல்ல தம்பி, கம்பி மட்டும்தான் இருக்கு! தண்ணி கொடுத்து உக்கார வெச்சேன். அப்புறம் கேட்டான், "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கம்மா, பேரு என்ன, வயசு என்ன?"

நான் சொன்னேன். ஒரு பொண்ணு. பேரு இது. வயசு இப்ப எட்டு. போனப்ப ஆறு, கூட ரெண்டு.

பெத்தது எத்தனைன்னு கேட்டா நீ என்ன சொல்லச் சொல்ற? இல்லைன்னு சொல்லவா? என் வாயால எப்படி வரும்? உயிரோட இருக்கான்னு அவன் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அடுத்த வீட்டுல கேட்டான். அவளுக்கு ரெட்டைப் பிள்ளைங்க. ரெண்டுன்னா. அதுல ஒண்ணு மாடு மேய்ச்சிட்டு இருந்துச்சு, இன்னொண்ணு நம்ம கிலுக்கோட போனது. அப்படியே வீடு வீடா. நாங்க யாரும் கூடிப் பேசி வெச்சுச் சொல்லல தம்பி. அவன் குடையை மடக்கிட்டுப் போயிட்டான்.

டீச்சருக்கு முதல்ல தெரியாது. இந்தப் பொண்ணு ஏன் ஒரு நாளும் வர்றதில்லைன்னு பிள்ளைங்ககிட்ட கேட்டிருக்கு. "அவ ஆத்துல இருக்கா டீச்சர்"னு சொல்லியிருக்குதுங்க. அன்னைக்கு மத்தியானம் அந்தப் பொண்ணு பாடமே நடத்தல. மறுநாள் ஏழு பேரையும் விட்டுட்டுக் கூப்பிடும்னு நினைச்சேன். விடல. கூப்பிட்டுட்டு, ஒரு மூச்சு விடுற நேரம் நிறுத்திட்டு, அடுத்த பேருக்குப் போச்சு. வெளியில சுவரோரமா நான் மட்டும் நிக்கல இப்ப. மத்த அம்மாக்களும் ஏதாவது சாக்கு வெச்சுக்கிட்டு வந்துடறாளுக. ஒருத்தி தினமும் தொலைஞ்சு போன கோழியைத் தேடிக்கிட்டு வர்றா. அவகிட்ட கோழியே கிடையாது.

நான் ஒண்ணு கேக்கறேன். அந்தக் கணக்கு உன் மேஜைக்கு வந்துதானே போயிருக்கும்? நீ வாங்கிக் கொடுத்த பையை மாட்டிக்கிட்டுப் போனவ பேரு உனக்குத் தெரியாமலா போச்சு?

உன் அண்ணி


நவம்பர் 28

அண்ணிக்கு வணக்கம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர் தொடங்கிவிட்டது. அண்ணனுக்கு ஒரு கம்பளி அனுப்பியிருக்கிறேன். நான் சௌகரியம்.

திட்டத்தின் முதல் வருஷ முன்னேற்றத்தைச் சரிபார்க்கப் போகிறார்கள். எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள், எத்தனை பேர் உண்மையில் வருகிறார்கள் என்று ஒவ்வொரு பள்ளிக்கூடமாகப் பார்ப்பார்கள். நம் ஊருக்கு ஜனவரியில். சின்னப் பள்ளிக்கூடங்களை மூடி, பக்கத்துப் பள்ளிக்கூடத்தோடு சேர்த்துவிடலாம் என்றும் ஒரு பேச்சு இருக்கிறது.

நமக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் அக்கரையில் இருப்பதுதான். சுற்றிப் போனால் பாலத்துக்கே அரை நாள் ஆகும். ஆனால் எங்கள் காகிதத்தில் "ஆற்றைக் கடக்கப் படகு வசதி உண்டு" என்று இருக்கிறது. படகு யாருடையது என்றும் இருக்கிறது.

ஜன்னலோரத்து ஈரத்தைப் பார்க்க ஒரு இஞ்சினியரை அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கொழுந்தன்


டிசம்பர் 14

அன்புள்ள தம்பிக்கு,

கம்பளி வந்துச்சு. அவரு போத்திக்கல, மடிச்சுத் தலைக்கு வெச்சுக்கிட்டார். நாங்க இருக்கோம். நான் கேட்டதை நீ படிக்கலையோ என்னவோ, போகட்டும்.

இஞ்சினியர் வந்தார். தரையில குச்சியை வெச்சுத் தட்டினார், காதை வெச்சுக் கேட்டார், ஏதோ டாக்டர் மாதிரி. மழையில போட்ட தரை, அடியில தண்ணி நிக்குது, வெயில் ஏறினா காஞ்சிடும்னார். அப்ப ரூம் முழுக்க ஏன் ஊறலைன்னு டீச்சர் கேட்டுச்சு. குச்சியை எடுத்துட்டுப் போயிட்டார்.

உனக்குத் தெரியாத ஒண்ணு சொல்றேன். அந்தப் படகு எங்க இருக்குன்னு நினைக்கிற? நம்ம வீட்டுக் கொல்லையில. அன்னைக்கு ஊர்க்காரங்க இழுத்து வந்து கவுத்துப் போட்டதுதான். உங்க அண்ணன் அதுக்கப்புறம் ஆத்துப் பக்கம் போனதே இல்ல. குளிக்கறதுகூடக் கொல்லைக் கிணத்துலதான். ஆனா படகை மட்டும் விடல. பலகை இடுக்குல பஞ்சு அடைக்கிறார், தார் பூசறார். தண்ணியையே பாக்காத படகுக்கு எதுக்கு இவ்வளவுன்னு ஒரு நாள் கேட்டேன். "அவ பிடிச்சிட்டு உக்காந்த பக்கம் உளுத்துடக் கூடாது"ன்னார்.

பள்ளிக்கூடத்தை மூடினா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா? இருக்கிற பதிமூணும் ஆத்தைக் கடக்கணும். படகு இருக்கு, படகுக்காரன் இருக்கான்னு காகிதத்துலயே இருக்குதே. அவரைத் துடுப்பைப் பிடின்னு சொல்வாங்க. அவரு பிடிக்க மாட்டார். பிடிச்சா திரும்பி வர மாட்டார்.

கடையில கூட்டம் போட்டோம். ஆளாளுக்கு யோசனை. பக்கத்து ஊர்ப் பிள்ளைங்களை ஒரு நாளைக்கு இரவல் வாங்கலாம்னான் ஒருத்தன். கடைக்காரரோட தம்பி, அதான் ஆட்டுக்காரன், மீசையை எடுத்துட்டு அரைக்கால் சட்டை போட்டுக்கிட்டு நானே உக்காந்துடறேங்கறான். "தொப்பையை எங்கடா ஒளிப்ப?"ன்னு அவன் பொண்டாட்டி கேட்டா. எல்லாரும் சிரிச்சோம். டீச்சர் மட்டும் சிரிக்கல. "வராதவங்களை வந்ததா நான் ஒரு நாளும் போட்டதில்லைக்கா, போடவும் மாட்டேன். பட்டியல்ல இருக்கிற பேரைக் கூப்பிடுவேன். அவ்வளவுதான்"னு சொல்லிட்டு எழுந்து போயிடுச்சு.

நீ அங்க இருந்து ஏதாவது செய்ய முடியுமான்னு பாரு.

உன் அண்ணி


பிப்ரவரி 2

அன்புள்ள தம்பிக்கு,

உன் கிட்ட இருந்து பதில் இல்ல. உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? இங்க எல்லாருக்கும் ஒரு சுத்து ஜுரம் வந்து போச்சு.

ஆபீசருங்க வந்தாங்க. மூணு பேர். பெரியவர் வழுக்கைத் தலை, சாந்தமான ஆளுதான். டீச்சர் கையில இருந்து பட்டியலை வாங்கி அவரே பேர் கூப்பிட்டார். முதல் மூணு பிள்ளைங்களும் "உள்ளேன் ஐயா"ன்னு கத்துச்சுங்க. நாலாவது நம்ம பொண்ணு பேரு.

சத்தம் இல்ல. திரும்பக் கூப்பிட்டார். நிமிர்ந்து பாத்தார். எங்கன்னார். பிள்ளைங்க எல்லாம் ஜன்னல் பக்கம் பாக்குது. இருக்கிறதுலயே சின்னது, பல்லு விழுந்தது ஒண்ணு, எழுந்து நின்னு சொல்லுது: "அங்கதான் சார். பேச மாட்டா."

என் பொண்ணு பேச மாட்டாளாம் தம்பி. வாய் ஓயாம கிலுகிலுன்னு இருக்கான்னுதானே அந்தப் பேரே வெச்சோம்.

அவரு அந்த ஈரத்துக்கிட்ட போனார். ஏன் இங்க இடம் விட்டிருக்கீங்க, நெருக்கி உக்காருங்கன்னார். ஒரு பிள்ளையும் அசையல. அடுத்த பேரு, அதுக்கடுத்த பேரு. அப்புறம் வெளியில வந்து எங்களைப் பாத்தார். நாங்க சுவரோரமா வரிசையா நிக்கறோம், கோழி தேடறவ உட்பட. அந்தப் பேருங்களை ஒவ்வொண்ணா படிச்சு, "இது யாரு பிள்ளை?"ன்னார். என்னுதுன்னேன். அடுத்தவ என்னுதுன்னா. ஏழாவது பேருக்குப் பொம்பளைங்க யாரும் இல்ல, பெத்தவ படகு கவுந்த அடுத்த வருஷமே போய்ச் சேந்துட்டா. கடைக்காரர்தான் கல்லாவை விட்டுட்டு வந்து என்னுதுன்னு சொன்னார். எழுதுங்க, நிறுத்தாதீங்க.

அந்த ஆபீசருக்குப் புரிஞ்சு போச்சு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார், மாட்டினார், திரும்பக் கழட்டினார். டீ போட்டு வெச்சிருந்தேன். குடிக்காமலே போயிட்டாங்க.

உன் அண்ணி


மார்ச் 17

அண்ணிக்கு வணக்கம்.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். ஜுரம் முழுவதும் விட்டுவிட்டதா?

அந்த ஆபீசரின் அறிக்கை வந்துவிட்டது. யார்மீதும் குற்றம் சொல்லவில்லை. "கேள்வி தவறாகக் கேட்கப்பட்டிருக்கிறது" என்று மட்டும் எழுதியிருக்கிறார். ஆனால் கணக்கைத் திருத்த வேண்டும். திருத்தினால் பதின்மூன்று. பதின்மூன்றுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. அக்கரைப் பள்ளிக்கூடத்தோடு சேர்த்து, படகு ஓட்டுகிறவருக்கு மாதச் சம்பளம் கொடுக்கலாம் என்று குறிப்பு வந்திருக்கிறது.

விதியில் ஒரே ஒரு வழி இருக்கிறது. இடையில் ஆறு இருந்து, கடக்க வசதியும் இல்லாத ஊர் என்றால் பத்துப் பிள்ளைகள் இருந்தாலே போதும். படகு இருக்கும்போது இல்லை என்று நான் எழுத முடியாது. வந்து பார்ப்பார்கள். கொல்லையில் தாரோடு, பஞ்சோடு, நாளைக்கே தண்ணீரில் விடுகிற மாதிரி கிடக்கிற படகை எப்படி மறைப்பது?

அடுத்த வருஷத் திட்டம் ஏப்ரல் கடைசியில் போய்விடும். இரண்டு காரியம் நடக்க வேண்டும். ஏழு பெயரையும் எடுக்க வேண்டும். இன்னொன்று அண்ணன் கையில் இருக்கிறது. நான் எழுத வேண்டியதை எழுதிவிட்டேன். எழுதக் கூடாததையும்தான்.

அன்புடன்,
உங்கள் கொழுந்தன்


ஏப்ரல் 11

அன்புள்ள தம்பிக்கு,

நல்லா இருக்கியா? நாங்க இருக்கோம்.

உன் கடிதாசியைக் கடைக்காரர் எனக்குப் படிச்சார். நான் வீட்டுக்கு வந்து அவருக்கு அப்படியே சொன்னேன். கேட்டுட்டு எழுந்து போனார். கிணத்துல ரெண்டு வாளி சேந்தித் தலையில ஊத்திக்கிட்டார். காலையில கொல்லைப் பக்கம் சத்தம் கேட்டுப் போனா, படகுக்கிட்ட குந்தியிருக்கார்.

கோடாலி எடுக்கல தம்பி. ஆணியை ஒவ்வொண்ணா புடுங்கறார். துருப்பிடிச்ச ஆணி வெளியில வரும்போது ஒரு சத்தம் வரும் பாரு, பல்லு கூசும். தெருவே கேட்டுச்சு. ஒருத்தரும் எட்டிப் பாக்கல. நீளப் பலகை ஒண்ணு வந்தப்போ தனியாப் பிடிக்க முடியல. நான் போறதுக்குள்ள கடைக்காரர் வந்து மறு முனையைப் பிடிச்சார். மூணு வருஷமா உங்க அண்ணன் முகத்தைப் பாக்காதவர். கடையில நான் சாமான் வாங்குவேன், கடிதாசி எழுதிக் கொடுப்பார், ஆனா நம்ம வாசப்படி மிதிச்சதில்ல. ரெண்டு பேருமா பொழுது சாயறதுக்குள்ள பிரிச்சு அடுக்கிட்டாங்க. இதை எழுத வேண்டாங்கறார். எழுதுங்கன்னு நான் சொல்றேன்.

விறகுக்கு வேணும்னா எடுத்துக்குங்கன்னு ஊருக்குச் சொன்னோம். யாரும் எடுக்கல.

மறுநாள் நானே டீச்சர்கிட்டப் போனேன். இன்னைக்கு ஒரு தடவை எல்லாரையும் கூப்பிடும்மா, நாளையில இருந்து விட்டுடுன்னேன். அந்தப் பொண்ணு ஒவ்வொரு பேருக்கும் ரொம்ப நேரம் நிறுத்துச்சு. நாங்க எல்லாரும் நின்னு கேட்டோம். கோழி தேடறவ அன்னைக்குக் கோழியைத் தேடல.

இப்ப நீ எழுதலாம். படகு இல்ல.

உன் அண்ணி


ஜூன் 9

அண்ணிக்கு வணக்கம்.

பள்ளிக்கூடம் இருக்கிறது. ஆணை வந்துவிட்டது. பதின்மூன்று பிள்ளைகள், ஒரு டீச்சர், இடையில் ஆறு, கடக்க வசதி இல்லை. பச்சைக் குண்டூசியை யாரும் பிடுங்கவில்லை. நான் தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருகிறேன்.

கிலுக்கு பெயர் என் மேஜையைத் தாண்டித்தானே போயிருக்கும் என்று செப்டம்பரில் கேட்டீர்கள். நான் பதில் எழுதவில்லை. நீங்களும் மறுபடி கேட்கவில்லை. அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

லீவு கிடைத்ததும் வருகிறேன். அண்ணன் என்னோடு பேசுவாரா? ஜன்னலோரம் இன்னும் ஊறுகிறதா? ஊறினால் எழுதுங்கள், அந்த இஞ்சினியரை மறுபடி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் கொழுந்தன்


ஜூலை 1

அன்புள்ள தம்பிக்கு,

வா. எப்ப வேணும்னாலும் வா. அவரு பேசுவார், நீ முதல்ல பேசாதே. அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம் திறந்தாச்சு. பதிமூணு பேரு, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள கூப்பிட்டு முடிஞ்சிடுது. மூணாவது பேருக்கு அப்புறம் எனக்குக் காது தானா நீளுது. டீச்சர் நேரா அடுத்த பேருக்குப் போயிடுது. அதுதானே சரி. நான்தானே சொன்னேன்.

லீவுல வெயில் போட்டுக் காய்ச்சினதுல ஜன்னலோரம் காஞ்சு போச்சு. பொருக்கு மாதிரி வெள்ளையா ஆயிடுச்சு. இஞ்சினியர் சொன்னது நிஜம். நான் கூட்டப் போனேன், கையை வெச்சுப் பாத்தேன், சுடுது. பிள்ளைங்க அன்னைக்கு அந்த இடத்துலயும் பாயை விரிச்சுடுச்சுங்க. பல்லு விழுந்ததே, அது அங்க உக்காந்து கூட்டல் கணக்கு போடுது. அதுக்கு இப்ப பல்லு முளைச்சிடுச்சு.

மறுநாள் நான் கூட்டப் போகும்போது ஒரு செம்பு தண்ணி கொண்டு போனேன். கொஞ்சமா ஊத்தினேன். ஏன்னு கேக்காதே. டீச்சர் வந்து பாத்துட்டு, திரும்ப ஊறுதேக்கான்னுச்சு. ஆமாம்மான்னேன். பிள்ளைங்க பாயைத் தள்ளிப் போட்டுக்குச்சுங்க. அப்படியே தினமும் பண்ணிட்டிருந்தேன். கடைக்காரர் எழுதறதை நிறுத்திட்டு என்னைப் பாக்கறார். யாருகிட்டயும் சொல்ல மாட்டாராம். பாவம், கண்ணு கலங்கிடுச்சு, எழுத்து கோணலா இருந்தா படிச்சுக்கோ.

சொல்ல வந்தது இதுதான். நேத்து விடிஞ்சதும் செம்போட போனேன். பூட்டைத் திறந்து உள்ள போனா, எனக்கு முன்னாடியே அங்க ஈரம். குளம் மாதிரி நிக்குது. ஜன்னல் திறந்து கிடக்கு. பேரைச் சொல்லிக் கூப்பிடக்கூட வாயைத் திறந்துட்டேன். அப்புறம் மூடிக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்து துணி துவைக்க எடுத்தேன். உங்க அண்ணனோட வேட்டி முழங்கால் வரைக்கும் நனைஞ்சிருக்கு. மடிப்புல ஆத்து மணல். மூணு வருஷத்துக்கும் மேல ஆத்துப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்காத மனுஷன். வாசல்ல உக்காந்து வெளக்கின வாளியைத் துடைச்சிட்டிருக்கார்.

மணலை உதறிட்டுத் துவைச்சுப் போட்டேன். இன்னைக்குச் செம்பை வீட்டுலயே வெச்சுட்டு வெறும் விளக்குமாத்தோடதான் போனேன். ஈரமாத்தான் இருந்துச்சு.

இஞ்சினியரை அனுப்பாதே. தரை ஊறுதுன்னே எழுதி வெச்சுக்கோ.

உன் அண்ணி